ஓடுது என்பது வேறு, நல்லா இருக்கு என்பது வேறு

போன மாசம் மரக்காணம் பக்கத்துல ஒரு மீனவக் குப்பத்துக்குப் போயிட்டு வந்தேன். காணையில மல்லாட்டை போடுற ஆளுக்குக் கடற்கரையில என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். அங்க எனக்கு ரொம்ப நாள் சிநேகிதர் ஒருத்தர் இருக்கார். "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு அவுட்போர்டு மோட்டார் வருது, நீங்க ஆயில் இன்ஜினோட மல்லுக்கட்டுனவர், ஒருவாட்டி வந்து பாருங்க"ன்னு போன் பண்ணினார். அந்த மோட்டாரை நம்பி அவரோட மூத்த பையன் கடலுக்குப் போகப் போறான். அதனால மறுக்க முடியல.

படகு மோட்டார் எனக்குப் புதுசுதான். ஆனா இன்ஜின்னா எல்லாம் ஒரே குடும்பம். பிஸ்டன், ரிங், ஆயில், தண்ணி, இவ்வளவுதான். எங்க கொல்லையில இருக்குற ஆயில் இன்ஜின் எனக்குக் கத்துக்கொடுத்த பாடம் அங்க உதவுச்சு.

விக்க வந்தவர் கயித்தை ஒரே இழு இழுத்தார், மோட்டார் சிங்கம் மாதிரி கிளம்புச்சு. மேல்மூடி புது பெயின்டுல பளபளன்னு இருந்துச்சு. சிநேகிதர் முகத்துல சிரிப்பு. நான் நிறுத்தச் சொல்லிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே சூடா இருந்துச்சு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்கார். சூடான இன்ஜின் சுலபமா கிளம்பும். அதோட உண்மை முகம் தெரியணும்னா ராத்திரி முழுக்க ஆறின இன்ஜினைக் காலையில கிளப்பிப் பாக்கணும். "நாளைக்கு வர்றோம், அதுவரைக்கும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டோம்.

மறுநாள் திண்டிவனத்துல தெரிஞ்ச பைக் மெக்கானிக்கிட்ட கம்ப்ரஷன் கேஜ் ஒண்ணு இரவல் வாங்கிட்டுப் போனேன். அந்த மோட்டார் பிளக்கோட மரைக்கு அது சரியா பொருந்துச்சு.

முதல்ல கியர் ஆயில். கீழே இருக்குற திருகைக் கழட்டினதும் டீயில பால் ஊத்தின நிறத்துல வழிஞ்சுது. அப்படின்னா உள்ள தண்ணி போயிருக்கு, சீல் போயிடுச்சுன்னு அர்த்தம். சும்மா நின்ன மோட்டார்ல தண்ணி அடியில தங்கும். அதனால ஓட்டுறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துடணும். புரொப்பல்லருக்குப் பின்னாடி தூண்டில் நரம்பு சிக்கிச் சீலை அறுக்குறது உண்டுன்னு சிநேகிதரே சொன்னார்.

அடுத்தது கம்ப்ரஷன். ரெண்டு பிளக்கையும் கழட்டி, பிளக் வயரை பாடியில எர்த் பண்ணி, திராட்டிலை முழுசாத் திறந்து, அஞ்சு தடவை கயிறு இழுத்தோம். ஒரு சிலிண்டர் 110 காட்டுச்சு, இன்னொண்ணு 80. ஒரே நம்பர் எவ்வளவுங்குறதைவிட ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல. இது அதைவிட ரொம்ப அதிகம். 80 காட்டின சிலிண்டர்ல ரெண்டு சொட்டு ஆயில் விட்டு மறுபடி இழுத்தோம், நம்பர் ஏறிடுச்சு. ரிங் தேஞ்சிருக்குன்னு அதுலயே தெரிஞ்சுது. பெயின்ட் எல்லாத்தையும் மறைச்சிடும், கேஜ்கிட்ட அதோட ஜம்பம் பலிக்காது.

சிநேகிதருக்குக் கோவம். "ஓடுதில்ல அண்ணே, பின்ன என்ன?"ன்னார். நான் அவர் வீட்டுத் திண்ணையில கிடந்த பழைய மோட்டாரைக் காட்டினேன். பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆனது, பெயின்ட் உரிஞ்சு ஒரு மூலையில கிடந்துச்சு. அதையும் அதே மாதிரி பாத்தோம். 100, 98. கியர் ஆயில் சுத்தம். பிளக் முனை இளம்பழுப்பு நிறம், அதுவும் நல்ல அறிகுறி. ஒரே குறை, டிரம்முல தண்ணி வச்சு ஓட்டினா பக்கத்துல பீச்சி அடிக்க வேண்டிய தண்ணி சொட்டுச் சொட்டா வந்துச்சு. இம்பெல்லர் ரப்பர் காஞ்சு போயிருக்கு. அப்படியே கடலுக்குப் போயிருந்தா சூடேறி மோட்டார் நடுக்கடல்ல நின்னிருக்கும். ரப்பரை மாத்தினதும் சரியாயிடுச்சு. லட்ச ரூபாயைத் தாண்டுற செலவு சின்ன ரப்பரோட முடிஞ்சுது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ எங்க மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ.க்கு மேல மழை. எங்க கழனியில ஆயில் இன்ஜின் மூழ்கிடுச்சு. கரண்டும் இல்ல, தண்ணி இறைக்க அதுதான் வழி. பக்கத்துக் கழனிக்காரர் அவசரப்பட்டு, தண்ணி வடிஞ்சதும் ஹேண்டில் போட்டுச் சுத்தி அடிச்சார். சிலிண்டருக்குள்ள நின்ன தண்ணியை அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சுடுச்சு. நான் ஆயிலை இறக்கி, தண்ணியை வடிச்சு, புது ஆயில் ஊத்தி, மெதுவாச் சுத்திப் பாத்துட்டுக் கிளப்பினேன். எனக்குக் கூடுதலா ஆனது அரை நாள், அவருக்கு ஆயிரக்கணக்குல செலவு.

பழசு கெட்டது, புதுசு நல்லதுங்குறது பட்டணத்துக் கணக்கு. நீங்க மூணு வருஷத்துக்கு ஒரு போன் மாத்துறீங்க, அது உங்க வசதி. எங்க கணக்கு வேற. ஆனா எங்களவங்க பேர்லயும் தப்பு இருக்கு. "ஓடுது, விடு"ன்னு நிக்குற வரைக்கும் தொட மாட்டோம். கொல்லையில இன்ஜின் நின்னா ஒரு தண்ணி தவறும், பயிர் வாடும். கடல்ல நின்னா ஆளே திரும்ப மாட்டான்.

புது மோட்டார் வாங்க மானியம் கொடுக்குறது நல்ல விஷயம்தான். அதோட, வருஷத்துக்கு ஒருவாட்டி குப்பத்துக்குக் குப்பம் ஒரு மெக்கானிக்கும் ஒரு கேஜும் வந்து இருக்குற மோட்டாரைப் பாத்துச் சொன்னா, அது பல உயிரைக் காப்பாத்தும்னு நான் நெனைக்கிறேன். அதுவரைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆயில் மாத்தின தேதி, கம்ப்ரஷன் நம்பர், ரப்பர் மாத்தின மாசம், இவ்வளவு எழுதினா போதும். சிநேகிதர் பையன் இப்ப எழுத ஆரம்பிச்சுட்டான். முதல் பக்கத்துல 100, 98ன்னு இருக்கு.