பூனைப்படம் என்பது வசைச்சொல்லா?

இலக்கியக் கூட்டங்களிலும் சிற்றிதழ் மதிப்புரைகளிலும் ஓர் உவமை அவ்வப்போது தலைகாட்டுகிறது. சிறிய கருப்பொருளை எடுத்துக்கொண்ட கவிதையையோ, நான்கு சுவர்களுக்குள்ளேயே நிகழ்ந்து முடியும் கதையையோ குறைத்துப் பேச வேண்டுமெனில், ‘வீட்டுப் பூனையைப் படம் எடுத்தது போல இருக்கிறது’ என்று ஒரு வரி போதும். அவை சிரிக்கும், விமர்சனமும் முடிந்துவிடும். அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள நம்மால் இயலவில்லை. பார்க்கத் தக்கது எது, தகாதது எது என்று தீர்ப்பளிக்கும் பழைய ஆணவம் அதனுள் ஒளிந்திருக்கிறது.

இப்படிச் சிரிப்பவர்கள் ஒருமுறையேனும் எளிய கருவி ஒன்றைக் கையிலேந்தி வீட்டுப் பூனையைப் படம்பிடிக்க முயன்றிருப்பார்களா என்பது நம் முதல் ஐயம். விலைகுறைந்த டிஜிட்டல் காமிராவில் பொத்தானை அழுத்துவதற்கும் படம் பதிவதற்கும் இடையே ஒரு கணம் கழிகிறது; அக்கணத்துக்குள் பூனை வாலை மட்டும் சட்டகத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கும். மாலையில் ஃபிளாஷைப் போட்டாலோ, அதன் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளிமீட்டும் படலம் வெளிச்சத்தைத் திருப்பியனுப்ப, கண்ணிரண்டும் பச்சைத் தீப்பொறிகளாகிவிடும். காட்சி எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் என்று கருதிக் கணக்கிடுவது காமிராவின் ஒளிமானி. ஆகவே கறுப்புப் பூனை வெளிறிச் சாம்பலாகும், வெள்ளைப் பூனை மங்கி அதே சாம்பலாகும். கைப்பேசியை மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காதுகள் சிறுத்துப்போகும்.

எனவே எளிய கருவிக்காரர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டுக் காலையில் ஜன்னல்வழி வரும் வெளிச்சத்தை எதிர்பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் எந்தப் படியில் வெயில் விழுகிறது, பூனை எப்போது அங்கே வந்து சுருள்கிறது என்பதை நாட்கணக்கில் அறிய வேண்டும். தரையில் அமர்ந்து, பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தை நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். முறைத்துப் பார்ப்பதை மிரட்டலாகக் கொள்ளும் உயிர் பூனை. மனிதர் கண்களை மெல்லச் சுருக்கி மூடினால் அதுவும் அவ்வாறே மறுமொழி தருவதாக, சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வு 2020இல் கூறியது. ஆக, பார்க்கும் முறையைக்கூடப் பூனையிடமே கற்க வேண்டியிருக்கிறது. இலக்கிய வகுப்பில் மாணவருக்கு நாம் கற்பிக்க முயல்வதும் இந்தக் கவனத்தைத்தானே?

நம் மரபை இவர்களுக்கு நினைவூட்டுவது நன்று. குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், வீட்டில் வாழும் குறுங்காற் பேடைக்கோழியைப் பார்க்கிறார். மாலையில் வேலியருகே காட்டுப்பூனைகள் வந்துவிட, புகுமிடம் அறியாது திரளும் குஞ்சுகளைத் தாய்க்கோழி கூவி அழைக்கிறது. அந்தக் கூவல் ஊராரின் அம்பலுக்கு உவமையாகிறது. 220ஆம் பாடலிலோ அவருக்கு முல்லை அரும்பைக் கண்டதும் காட்டுப்பூனையின் சிரிப்பு நினைவில் எழுகிறது. புறநானூற்றில் போருக்கு மகனை அனுப்பும் தாயைப் பாடியவரும் இதே மாசாத்தியார்தாம். போர்க்களத்தைப் பாடிய புலவருக்கு வேலியோரப் பூனை சிறிய பொருளாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்ற வேண்டும்?

ஜப்பானின் மசாஹிசா ஃபுகாசேயை ஒளிப்பட உலகம் அவருடைய காகப் படங்களுக்காகப் போற்றுகிறது. அவை 1986இல் ‘கராசு’ என்ற நூலாயின. அந்தக் காகங்களைத் தேடி அலைந்த அதே காலத்தில்தான், 1977இல், சசுக்கே என்ற பூனைக்குட்டி அவர் வீட்டுக்கு வந்தது. சில நாட்களிலேயே அது காணாமற்போக, கிடைத்த வேறொரு குட்டிக்கும் அதே பெயரைச் சூட்டினார். பூனையின் கண்மட்டத்துக்கு வருவதற்காக வயிற்றால் ஊர்ந்து படமெடுத்தார். அவருடைய கருவி தொழில்முறையினது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தரையில் படுப்பதற்குப் பெரிய லென்ஸ் எதற்கு? காகத்தில் தனிமையைக் கண்ட கண்ணும் பூனையோடு தரையில் கிடந்த கண்ணும் ஒன்றே. முதலாவதைக் கலை என்றும் இரண்டாவதைப் பொழுதுபோக்கு என்றும் பிரிப்பவர்கள் கருப்பொருளின் கனத்தை நிறுக்கிறார்களேயன்றிப் பார்வையை நிறுப்பதில்லை.

பூனைப்படம் அனைத்தையும் நாம் தாங்கிப் பிடிப்பதாக எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் ஹாரி விட்டியர் ஃப்ரீஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூனைக்குட்டிகளுக்குச் சட்டையும் பாவாடையும் அணிவித்து, மனிதரைப்போல் வேலை செய்யும் பாவனையில் நிறுத்திப் படமெடுத்து அஞ்சலட்டைகளாக்கினார். அவற்றில் பூனை இல்லை. பூனைத்தோல் போர்த்த நம் அசட்டுத்தனம் இருக்கிறது. இன்று தொப்பி மாட்டி, பிடித்திழுத்து நிறுத்தி, கண்ணில் ஃபிளாஷ் பாய்ச்சி எடுப்பவர்கள் அவருடைய வாரிசுகள். நம் எதிர்ப்பு அவர்கள்மீதும் உண்டு. பூனையைப் பொம்மையாக்குபவரும் பூனையைப் பார்க்கவே தகாதது என்பவரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகிறார்கள்: இருவருமே பூனையைப் பார்ப்பதில்லை.

‘கோடிக்கணக்கில் குவிந்துகிடக்கின்றனவே, இன்னுமொன்று எதற்கு?’ என்பது அடுத்த வாதம். காதற்கவிதைகளும்தான் குவிந்துகிடக்கின்றன. அதற்காகக் காதலைத் தடைசெய்வோமா? குவியலுக்கு மருந்து, குறைவாக எடுத்து நிறையப் பார்ப்பதே. இந்தியாவில் தயாரான அக்ஃபா கிளிக் III காமிராவில் 120 சுருளுக்கு 12 படங்கள்தாம்; திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் போக அதில் ஒன்றைப் பூனைக்குச் செலவிட எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்? அன்று சிக்கனம் பூனையை விலக்கியது. இன்று செலவில்லை. அந்தச் சலுகையைக் குவிப்பதற்குப் பயன்படுத்துகிறோமா, காத்திருப்பதற்குப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

‘நல்ல கருவி வாங்கிவிட்டு வாருங்கள்’ என்போரும் உளர். விலங்கின் கண்ணைத் தானே கண்டறிந்து குவியம் கொள்ளும் வசதியைச் சோனி நிறுவனம் 2019இல் தன் காமிராக்களில் கொண்டுவந்தது. வியக்கத்தக்க வசதிதான். எனினும் கண் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். அக்கண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கூடவே வாழ்பவர்தான் அறிவார். 1900இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் ஒரு டாலருக்குப் பிரௌனி காமிராவை விற்கத் தொடங்கியபோது, ஒளிப்படம் சாமானியரின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அந்த நுழைவை ஏளனம் செய்வது, படமெடுக்கும் உரிமையை மீண்டும் ஸ்டூடியோ வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதாகும்.

ஏளனத்தின் ஆணிவேர் வேறிடத்தில் இருக்கிறது. வீடு என்றாலே சிறியது, வீதி என்றால் பெரியது என்ற கணக்கு நம் விமர்சனத்தில் இன்னும் அழியவில்லை. பெண்கள் எழுதியபோது ‘சமையலறைக் கதைகள்’ என்று ஒதுக்கியதும் இந்தக் கணக்குதான். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ வந்த பிறகும், அந்த மூலையில் எத்தனை அதிகாரமும் எத்தனை துயரமும் புழங்குகின்றன என்று புரியாதவர்கள், அதே மூலையில் படுத்திருக்கும் பூனையையா பார்க்கப்போகிறார்கள்?

ஒரு படம் மோசமானதென்றால் ஏன் மோசமென்று சொல்லுங்கள்: வெளிச்சம் பொய்யானது என்றோ, விலங்கு வதைபட்டிருக்கிறது என்றோ, எடுத்தவர் பார்க்கவேயில்லை என்றோ சொல்லுங்கள். ஒரு கவிதைக்கும் அதே நீதியை வழங்குங்கள். ‘பூனைப்படம்’ என்ற ஒற்றைச் சொல்லால் இரண்டையும் தள்ளிவிடுவது விமர்சகரின் சோம்பலன்றி வேறில்லை.