காரைத் தாழ்த்தலாமா? ரோட்டைப் பாருங்க, தம்பி!

சென்னை புதுப்பேட்டை. சாயங்காலம் 5 மணி. பட்டறை வாசலில் பளபளவென்று ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே ரெண்டு சீட். வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. சீட்டு மேலே போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்கவில்லை.

காருக்குச் சொந்தக்காரர் ஒரு வாலிபர். எங்கள் தெரு இரும்புக்கடை முதலாளியின் மகன். சின்ன வயதில் என்னோடு தெருவில் பந்து ஆடியவர்.

"ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை 3 சென்டிமீட்டர் கீழே இறக்கப் போறேன். நீ என்னடா சொல்றே?" என்று கேட்டார்.

"வேண்டாம்டா. இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்" என்றேன்.

மாநகர பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற நமக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஆசையில் தப்பு இல்லை

காரைத் தாழ்த்துவதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். வண்டியின் பாரம் தரையை ஒட்டி இறங்கினால், வளைவில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்வது குறையும். ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கும். பார்க்கவும் எடுப்பாக இருக்கும். பந்தயக் கார்கள் தரையோடு தரையாக ஓடுவது இதனால்தான்.

ஆனால் பந்தயக் கார் ஓடுவது வழவழப்பான பாதையில். நம்ம கார் ஓடுவது மெட்ரோ ரெயிலுக்காகத் தோண்டி, மூடி, மறுபடி தோண்டிய ரோட்டில்!

பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏற இடம் வேண்டும். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் அந்த இடம் சுருங்கிப்போகும். சின்னப் பள்ளத்துக்கே ஸ்பிரிங் முழுசாக அமுங்கி, அடிக்கட்டை இடிக்கும். இடி நேராக முதுகெலும்புக்கு வரும். கம்பெனி போட்ட ஷாக் அப்சார்பர் கம்பெனி ஸ்பிரிங்குக்கு ஏற்றது. வேறு ஸ்பிரிங்கோடு ஜோடி சேர்த்தால் சீக்கிரம் எண்ணெய் கசியும். சக்கரத்தின் சாய்வு மாறி, டயரின் உள்பக்கம் மட்டும் தேயும்.

டேப் வைத்து அளந்தேன்

வாலிபரின் காருக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி 13 சென்டிமீட்டர். 3 குறைத்தால் பாக்கி 10.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய ரோடு காங்கிரஸ் 1988-லேயே விதி வகுத்தது. நீளம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட மேட்டில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே சமயத்தில் ஏறி நிற்கும். அதனால் மேடு வண்டியின் வயிற்றுக்குள் எழும்புவது 5 சென்டிமீட்டர் வாக்கில்தான். மெதுவாகப் போனால் தாழ்த்திய கார்கூடத் தாண்டிவிடும்.

நம்ம தெருவில் இருப்பது அதுவா? எங்கள் தெருமுனை மேட்டை நானே டேப் வைத்து அளந்தேன். அகலம் 60 சென்டிமீட்டர். உயரம் 14! வெள்ளைப் பெயிண்டும் இல்லை. எச்சரிக்கைப் பலகையும் இல்லை. அது வேகத்தடை அல்ல, குட்டிச் சுவர்! கம்பெனியில் இருந்து வந்தபடியே அந்தக் காருக்கு இது கண்டம். தாழ்த்தினால் கேட்கவே வேண்டாம்.

மழைக்காலம் இன்னொரு கண்டம். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலில் கார்கள் தண்ணீரில் மிதந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அந்த ஊரில் இருக்கிற உயரத்தையும் காசு கொடுத்துக் குறைப்பானேன்?

பின்னால் வருபவர் கதி

இப்போது நம்ம சங்கதிக்கு வருகிறேன்.

தாழ்த்திய கார் மேட்டில் நேராக ஏறாது. சட்டென்று பிரேக் போடும். குறுக்காகத் திரும்பும். பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாக ஏறும். பின்னால் வருகிறவருக்கு இது தெரியுமா?

போன வருஷம் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு கார் திடீரென்று நின்றது. பின்னால் மொபெட்டில் வந்த பூக்காரம்மா மோதி விழுந்தார். பூக்கூடை நடுரோட்டில் சிதறியது. அவர் முழங்கையில் 4 தையல். காரில் ஒரு கீறல். கீறலுக்காக அங்கே நடந்த சத்தம் இருக்கிறதே! கையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆக, 3 சென்டிமீட்டர் என்பது கார்க்காரர் வீட்டு விவகாரம் மட்டும் அல்ல.

சட்டம் சும்மா விடாது

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு என்ன சொல்கிறது? பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாகிப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அடித்துச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தப்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றினால், விபத்து நாளில் தகராறு வரும். வாரண்டிக்கும் அதே கதிதான்.

என்ன செய்யலாம்?

வாலிபருக்கு நான் சொன்ன யோசனை இதுதான். முதலில் ஒரு மழைக்காலம் வண்டியை அப்படியே ஓட்டு. டயரில் காற்று சரியா என்று பார். நல்ல டயர் போட்டாலே பாதிக் குறை தீரும். அப்புறமும் ஆசை அடங்காவிட்டால், கம்பெனியே ஒப்புக்கொண்ட சாமான் உண்டா என்று கேள். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸ் ஆபீசிலும் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போ. வேகம்தான் ஆசை என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே போய் ஆசை தீர ஓட்டு.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. விதிப்படி வேகத்தடை போடுங்கள். வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். குட்டிச் சுவர்களை இடித்துத் தள்ளுங்கள். அதில் விழுந்து எழுவது ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் அல்ல. ஆட்டோவில் போகிற கர்ப்பிணிப் பெண்ணும்தான்.

பட்டறை மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வேலை போச்சு. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

சிரித்தார். "தம்பி சொல்றது சரிதான் சார். இறக்கிட்டுப் போறவங்க பாதிப் பேரு ஆறே மாசத்துல திரும்பி வர்றாங்க, ஏத்திக் குடுங்கன்னு. எனக்கு ரெண்டு கூலி!" என்றார்.

வாலிபர் சாவியைப் போட்டார். கார் வந்த உயரத்திலேயே வீட்டுக்குப் போனது.