கட்டை விளையாட்டில் ஒரு கணிதப் பாடம்

கணிப்பொறி விளையாட்டு என்றவுடனே பெற்றோர் முகம் சுளிப்பதும், அருட்சகோதரியர் புருவம் உயர்த்துவதும் நாம் அறிந்ததே. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணையும் காலத்தையும் கெடுக்கும் விளையாட்டுகள் பல உண்டு. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துத் தள்ளிவிடுவது முறையன்று என்பது எங்கள் கருத்து.

சுவீடன் நாட்டு மோஜாங் நிறுவனம் 2011-இல் முழுமையாக வெளியிட்ட மைன்கிராஃப்டை எடுத்துக்கொள்வோம். கட்டைகளை அடுக்கி வீடும் கோட்டையும் கட்டும் விளையாட்டு அது. தம்பிமார் அதில் பூதங்களை வெட்டிக்கொண்டிருக்கட்டும்! நாங்கள் சொல்ல வந்தது அதிலுள்ள ரெட்ஸ்டோன் என்னும் சிவப்புத் தூளைப் பற்றி. தரையில் கோலம்போல் இழுத்தால் அத்தூள் மின்கம்பியாக வேலை செய்யும். 15 கட்டைத் தூரம் சென்றதும் அதன் வலு தீர்ந்துவிடும். ரிப்பீட்டர் வைத்து மீண்டும் வலுவூட்ட வேண்டும். சிவப்புப் பந்தம் ஒன்றும் உண்டு. அதைத் தாங்கி நிற்கும் கட்டைக்கு மின்சாரம் வந்தால் பந்தம் அணையும்; மின்சாரம் நின்றால் எரியும். இதுவே 'நாட்' வாயில். இரண்டு கம்பிகளை அதே கட்டைக்குக் கொண்டுவந்தால் அது 'நார்' வாயிலாகிவிடும்.

'நார்' ஒன்று போதும், ஏனைய வாயில்கள் அனைத்தையும் அதைக்கொண்டே கட்டிவிடலாம். 1969-இல் மனிதரை நிலவில் இறக்கிய அப்பல்லோ கலத்தின் கணிப்பொறி, மூன்று உள்ளீடுள்ள நார் வாயில்களாலேயே அமைந்தது. அதன் நிலையான நினைவகத்தைக் கம்பியும் காந்த வளையமுமாக நெய்து கொடுத்தவர்கள் அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்போர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டு விசைகளையும் இழுத்தால்தான் கதவு திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய 'ஆண்ட்' வாயில் விளையாட்டில் ஆயத்தப் பொருளாகக் கிடைப்பதில்லை. நாமே கட்ட வேண்டும். மூன்று கட்டைகளை வரிசையாக வைத்து, இரு ஓரக் கட்டைகளின் மேல் ஒவ்வொரு பந்தமும், நடுக்கட்டையின் மேல் தூளும், அதன் முன்புறத்தில் மூன்றாம் பந்தமும் வைக்கிறோம். இரு விசைகளும் ஓரக் கட்டைகளுக்கு மின்சாரம் அனுப்பினால் மேற்பந்தங்கள் இரண்டும் அணையும், தூள் வலுவிழக்கும், மூன்றாம் பந்தம் எரியும். ஒன்று வராவிட்டாலும் எரியாது. மேனிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் நூலில் நாம் உருப்போடும் டி மார்கன் தேற்றம் இதுவேயன்றோ! அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது நம் மதுரையில் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இனி எங்கள் வழக்குக்கு வருகிறோம். இவ்விளையாட்டில் தேர்ந்தோர், ஒரு சுற்றை எத்தனை குறைந்த இடத்தில் அடக்கலாம் என்று போட்டியிடுகின்றனர். நிலம் முடிவில்லாமல் கிடக்கும் உலகில் இது வீண் வேலை என்பர் சிலர். நாங்கள் அதை ஒப்பவில்லை. சுற்று நீண்டால் ரிப்பீட்டர்கள் பெருகும். ஒவ்வொன்றும் குறைந்தது 0.1 நொடி தாமதிக்கும். ஒரு வழியில் வந்த செய்தி காத்திருக்க, மறுவழிச் செய்தி பிந்தி வந்தால் விடை சிறிது நேரம் பிழையாகவே நிற்கும். ஆகவே சுருக்குவதில் பொருளுண்டு. ஆனால் எளிதன்று. இரண்டு தூள் கோடுகளை ஒட்டிப் போட்டால் அவை ஒன்றாகக் கலந்துவிடும். இடைவெளி விட வேண்டும், அல்லது முன்னோக்கி மட்டுமே செலுத்தும் ரிப்பீட்டரை நடுவே வைக்க வேண்டும், அல்லது மாடி வைத்துக் கட்ட வேண்டும். இங்கேதான் மூளை வேலை செய்கிறது.

எங்களுக்கு வருத்தம் தருவது வேறொன்று. பெரும்பாலோர் படக்காட்சியைப் பார்த்து, யாரோ சுருக்கிய சுற்றைக் கட்டைக்குக் கட்டை அப்படியே நகலெடுக்கின்றனர். சுற்று வேலை செய்யும்; மறுக்கவில்லை. இன்னோர் உள்ளீட்டைச் சேர்த்துத் தா என்றால் திகைத்து நிற்பர். நெருக்கிக் கட்டிய சுற்றில் எது எதற்கு என்பது வெளியே தெரியாது. வடிவமைத்தவருக்கே சில வேளை மறந்துவிடும். எனவே முதலில் பரப்பிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பந்தமும் ஏன் அங்கே இருக்கிறது என்று தோழிக்கு விளக்கிய பிறகே சுருக்கத் தொடங்க வேண்டும். உரைநூலை ஒப்பிப்பதற்கும் கணக்கைப் போடுவதற்கும் உள்ள வேறுபாடே இது.

கணிப்பொறி அறையில் வாரத்துக்கு ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் கணிப்பொறி உள்ள மாணவியருக்குக்கூட அண்ணன் எழுந்த பின்னரே இடம் கிடைக்கிறது. இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் ஏது? பாதி நேரம் தாளில் மெய் அட்டவணை எழுதவும், மீதி நேரம் கட்டவும் போதும். பூதங்களை நிறுத்தி வைக்கும் வசதி அவ்விளையாட்டிலேயே உண்டு. பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

முதற் பணியாக, ஓரிலக்க இரும எண்கள் இரண்டைக் கூட்டும் சுற்றை எடுக்கலாம். அடுத்த இலக்கத்துக்குப் போகும் எண்ணுக்கு மேலே சொன்ன ஆண்ட் வாயில். கூட்டுத்தொகைக்கு 'எக்ஸார்' வாயில். எக்ஸாரை எத்தனை பந்தங்களில் முடிக்கலாம் என்பதை, விடுமுறை முடிந்து வரும்போது வாசகியர் தாளில் வரைந்து கொண்டுவரட்டும்.