ஒலி நோகும் காது

ஒலியால் உடம்பு நோகக்கூடும் என்பதைப் பிறர் நம்பும்படி எடுத்துச் சொல்வதைப்போலக் கடினமான காரியம் வேறொன்றை நான் அறியேன். கண்ணுக்குத் தெரிகிற புண்ணுக்கு நம் ஜனங்கள் தாராளமாக இரங்குவார்கள். காது கேளாதவருக்காகக் குரலை உயர்த்திப் பேசும் தயையும் அவர்களுக்கு உண்டு. ஆனால், எவர்சில்வர் தம்ளர் ஒன்று தரையில் விழுந்த மாத்திரத்தில் காதின் உட்குழியில் கூர்மையான வேதனை எழுந்து, கன்னத்தெலும்பு வழியாகத் தாடைக்கும் பல்வேருக்கும் பரவி, சில வேளை மறுநாள் மாலை வரையிலும் அடங்காமல் நிற்பதாக ஒருவர் சொன்னால், அவரை மனத்திடம் குறைந்தவர் என்று எண்ணிவிடுகிறார்கள். தென்காசியில் சில வருஷங்களாக இந்த உபாதையோடு வாழ்கிறவன் என்ற முறையில், இது மனத்தின் பிரமையன்று, சரீரத்தின் வேதனையே என்று முதலில் சொல்லிவிட விரும்புகிறேன்.

வைத்திய சாஸ்திரம் இதற்கு ஹைப்பராக்யூசிஸ் என்று பெயரிட்டிருக்கிறது. அதிலும் வலியோடு கூடியது தனி வகை. செவிப்பறைக்கு அப்பால் உள்ள சின்னஞ்சிறு எலும்புகள் மூன்றனுள் சுத்தியெலும்பை ஒரு தசையும் அங்கவடியெலும்பை மற்றொரு தசையும் பற்றியிருக்கின்றன. திடுக்கிடும்போது சுருங்குகிற முதல் தசையை இயக்குவது, முகத்தின் ஸ்பரிச உணர்ச்சியையும் மெல்லும் தசைகளையும் ஆளுகின்ற முப்பிரி நரம்பின் கிளையே ஆதலால், அத்தசை ஓயாது விறைத்துத் துடிக்கத் தொடங்கினால் கன்னமும் தாடையும் சேர்ந்து நோவதாக வைத்தியர்களுள் ஒரு சாரார் விளக்குகிறார்கள். உட்செவியிலேயே, திசு சேதமுறும்போது கிளர்ச்சியடையும் தனி நரம்பிழைகள் உண்டு என்பதற்கு 2015-இல் வெளியான விலங்காராய்ச்சிகள் சான்று தந்தன. இவ்வளவு இருந்தும், மெல்லிய ஒலி கேட்கிறதா என்று மட்டுமே பார்க்கிற வழக்கமான கேள்திறன் பரிசோதனையில் குறை எதுவும் தென்படாமல் போவது சாதாரணம். காது நன்றாக இருக்கிறது என்று ஒருவர் அனுப்பிவைக்க, பல் வைத்தியரிடமும் நரம்பு வைத்தியரிடமும் அலைந்து, கடைசியில் வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதே பலருடைய கதியாகிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணிக் கூறும் 21 வகைகளிலும் இது இடம்பெறவில்லை.

காதை அடைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று சொல்கிறவர்கள் நிரம்ப உண்டு. விஷயத்தின் சங்கடமே இங்கேதான் இருக்கிறது. நல்ல காதுள்ளவர்களை இரண்டு வாரம் காதடைப்பான் அணியச் செய்து பார்த்த ஒரு பரிசோதனை 2003-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அடைப்பானை எடுத்த பிறகு முன்னிலும் தாழ்ந்த ஒலியே அவர்களுக்கு உரத்ததாகப் பட்டது. இடைவிடாது மூடிவைக்கப்பட்ட செவி தன் உணர்ச்சியைத் தானே கூட்டிக்கொள்கிறது என்றால், நோயாளிக்கு வேண்டியது பூரண நிசப்தமன்று. திடீரென்று பாயாத, தாழ்ந்த, சீரான ஒலிகளின் நடுவே வாழும் வாய்ப்பே. ஊர் அலறும்போது அவன் காதை அடைக்காமல் இருக்க முடியாது. அடைத்தாலோ அவன் செவி மேலும் நலிகிறது. ஆகவே, இந்தப் பிணியின் பரிகாரத்தில் ஒரு பாதி அவனைச் சூழ்ந்திருப்பவர்கள் கையில் இருக்கிறது.

எங்கள் பிரதேசத்துக்கு அத்தகைய ஒலி இயற்கையாகவே வாய்த்திருக்கிறது. ஆனி, ஆடியில் சாரல் விழும் நாட்களில், குற்றாலத்துப் பேரருவிக்குச் சற்று எட்ட நின்றால் காதில் விழுகிற அந்த ஏற்ற இறக்கமற்ற இரைச்சல், சிகிச்சைக்காகக் காதில் பொருத்தும் சிறு கருவிகள் எழுப்பும் ஒலிக்கு ஏறக்குறைய ஒப்பானது. என் செவி அதைத் தாங்குகிறது, விரும்பவும் செய்கிறது. ஆனால் சீசன் என்றால் அருவியோடு வேறென்னவெல்லாம் வருகின்றன! பல சுருதியில் அலறும் ஹாரன்களை மோட்டார் வாகன விதிகள் தடுத்திருந்தும், அவற்றைப் பூட்டிய வேன்கள் ஐந்தருவிச் சாலையில் வரிசையாக நின்று ஒன்றையொன்று விரட்டுகின்றன. சைலன்சரைக் கழற்றிய மோட்டார் சைக்கிள்கள் அவற்றினிடையே புகுந்து வெடிக்கின்றன. கொல்லத்துக்குப் போகும் லாரிகள் இரவெல்லாம் தென்காசியை ஊடுருவிச் செல்கின்றன.

கோயில் கொடை விழாக்களைப் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வில்லுப்பாட்டையும் நையாண்டி மேளத்தையும் கேட்டு வளர்ந்த நான் அவற்றுக்கு விரோதியல்லேன். வில்லின் மணியோசையும் உடுக்கையும் எதிரில் உட்கார்ந்தவர்களுக்காக ஏற்பட்டவை. தெருக்கோடி வரை கம்பத்துக்குக் கம்பம் ரேடியோ செட் குழாயைக் கட்டி, உறங்குகிற குழந்தையின் தலைமாட்டில் அவற்றை முழங்கச் செய்வது சம்பிரதாயத்தைச் சேர்ந்ததாகாது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்று எல்லை வகுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கியைத் தடுத்து, திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மட்டும் மாநில அரசு விலக்குத் தரலாம் என்றும் அனுமதித்திருக்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. டெசிபல் பத்துக் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதை அனுமதி கொடுக்கிற அதிகாரிகளும் கேட்கிற விழாக் கமிட்டிகளும் அறிந்திருக்க வேண்டும்.

அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் கூடாதென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தபோது, அது நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் உண்டு. இன்று குளிக்க வருகிறவர்களுக்கு அது தெரிந்த விதியாகிவிட்டது. அருவிக்குச் செல்லும் வாகனங்களைச் சீசன் தொடக்கத்திலேயே நிறுத்தி, விதிக்குப் புறம்பான ஹாரன்களைக் கழற்றுவது அதைவிடக் கடினமாக எனக்குத் தோன்றவில்லை. கொடைக் கமிட்டியாரிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. குடியழைப்பு எப்போது, மதியக்கொடை எப்போது, சாமக்கொடை எப்போது என்று நோட்டீஸில் அச்சிடுகிறார்கள் அல்லவா, அதே நோட்டீஸில் வேட்டுப் போடும் நேரத்தையும் ஒரு வரி சேர்த்து அச்சிட்டால், எங்களைப் போன்றவர்கள் அதற்குள் பக்கத்து ஊரில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, சாமி கும்பிடத் திரும்பி வந்துவிடுவோம்.