மனாகுவாவின் தெருக்கல்

பூகம்பத்தில் வீடு விழும். ஆட்சி விழுமா? நிகரகுவாவில் விழுந்தது. ஆட்டம் கண்டது 1972இல். முழுதாய்ச் சாய்ந்தது 1979இல். பூமி குலுங்கியது சில நொடிகள்தான். அந்த ஆட்சியைச் சாய்த்ததோ அதற்குப் பின் நடந்த கொள்ளை. செத்தவனின் வாய்க்கரிசியிலும் கை வைத்த கொள்ளை!

மத்திய அமெரிக்காவிலே உள்ள அந்தச் சிறு நாட்டின் தலைநகர் மனாகுவா. அந்த நகரத்தின் கதையைத் தொழிலாளித் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். முதல் பாதியைப் படித்தால் நெஞ்சு நிமிரும். பின் பாதி தொண்டையில் முள்ளாய்ச் சிக்கும். முள் குத்துகிறதே என்று பாதியில் எழுந்து போய்விடக் கூடாது.

மனாகுவா ஓர் ஏரிக்கரை ஊர். சுமார் 2100 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்து போன மனிதர்களின் காலடிகள், எரிமலைச் சேற்றில் பதிந்து கல்லாய் உறைந்து இன்றும் கிடக்கின்றன. ஊர் அவ்வளவு பழமை. ஆனால் தலைநகரானது 1852இல்தான். லெயோன் என்ற ஊரில் லிபரல்கள், கிரனாடா என்ற ஊரில் கன்சர்வேடிவ்கள். தலைநகர்ப் பட்டம் யாருக்கு என்று அடித்துக் கொண்டார்கள். கடைசியில் சமரசமாக, நடுவிலே கிடந்த மனாகுவாவுக்குக் கொடுத்தார்கள். ஊருக்கு அடியிலேயே நிலப்பிளவுகள் ஓடுகின்றன என்பதை அன்று யார் பார்த்தார்கள்? இரண்டு கட்சிப் பெரியவர்களின் சண்டை தீர்ந்தது. அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

1912இல் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். நடுவில் சிறிது காலம் விலகியது தவிர, 1933 வரை அவர்கள் போகவில்லை. அதற்கிடையே 1931 மார்ச் 31 அன்று பூகம்பமும் தீயும் நகரைத் தின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்நியச் சிப்பாய்களை எதிர்த்து மலையிலே படை கட்டியவர் அகஸ்தோ சாந்தினோ. சிப்பாய்கள் கப்பல் ஏறிய பிறகு அவர் சமாதானம் பேச மனாகுவாவுக்கு வந்தார். 1934 பிப்ரவரி 21 இரவு, ஜனாதிபதி மாளிகையில் விருந்து. விருந்து முடிந்து குன்றை விட்டு இறங்கியவரை வழிமறித்துக் கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். செய்தது தேசியக் காவற்படை; அமெரிக்கா பயிற்சி கொடுத்து வளர்த்த படை. அதன் தலைவன் அனஸ்தாசியோ சொமோசா கார்சியா. 1937இல் அவனே ஜனாதிபதி. அவனுக்குப் பின் மூத்த மகன் லூயிஸ், அப்புறம் இளைய மகன் அனஸ்தாசியோ. குடும்பச் சொத்தாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டை ஆண்டார்கள்.

இனி 1972க்கு வருவோம்.

டிசம்பர் 23. நள்ளிரவு கழிந்து அரை மணி நேரம். ஊர் கிறிஸ்துமஸுக்குத் தயாராகிக் கொண்டிருந்தது. பூமி ஆடியது. அளவு பெரிதல்ல, 6.2 என்கிறார்கள். ஆனால் ஆழமில்லாத இடத்தில், நகரின் நேர் அடியில் ஆடியது. மண்ணும் மரச்சட்டமும் வைத்துக் கட்டிய ஏழைகளின் வீடுகள் உறங்கியவர்கள் மேலேயே இறங்கின. தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. தீயை அணைக்க வழியில்லை. நகரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. இறந்தவர்கள் ஐயாயிரம் என்றும் பத்தாயிரத்துக்கு மேல் என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. பலரைத் தோண்டி எடுக்கவே இல்லை. பிறகு எப்படி எண்ணுவது? சுமார் நாலு லட்சம் பேர் வாழ்ந்த நகரில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

உலகம் உதவிக்கு ஓடி வந்தது. உணவு, துணி, மருந்து, கூடாரம், பணம். வந்ததை வாங்கி வைத்தது யார்? அவசர நிவாரணக் குழுவின் தலைவராய் உட்கார்ந்த சொமோசாவே! காவற்படைச் சிப்பாய்கள் இடிந்த கடைகளை முதலில் கொள்ளையடித்தார்கள். பிறகு நிவாரணப் பொருள்களைக் கள்ளச் சந்தையிலே விற்றார்கள்.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரொபர்ட்டோ கிளமெண்டே, அமெரிக்கா அறிந்த பேஸ்பால் வீரர். பூகம்பத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் ஒரு குழுவை அழைத்துக் கொண்டு மனாகுவாவுக்கு வந்து போயிருந்தார். தாம் திரட்டி அனுப்பிய பொருள்கள் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டார். நானே கொண்டு போகிறேன், பார்க்கலாம் என்று கிளம்பினார். 1972 டிசம்பர் 31. பழைய சரக்கு விமானம். அளவுக்கு மீறிய பாரம். ஏறிய சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. அந்த மரணத்திலும் சொமோசாவின் திருட்டுக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

திருட்டு அத்தோடு நிற்கவில்லை. இடிந்த நடு நகரை மீண்டும் கட்டாமல் முள்வேலி போட்டு மூடினார்கள். ஊரைச் சுற்றியிருந்த நிலங்களைச் சொமோசாவும் அவன் கூட்டாளிகளும் மலிவாக வாங்கி, வீடிழந்தோர் குடியிருப்புக்கென்று சர்க்காருக்கே கொள்ளை விலைக்கு விற்றார்கள். கட்டிடத் தொழிலாளிக்கு வாரம் 60 மணி நேர வேலை என்று உத்தரவு. மிகை நேரக் கூலி கிடையாது. நகரைக் கட்டுகிறவன் வயிற்றில் அடித்தே நகரைக் கட்டுவார்களாம்! 1973இல் கட்டிடத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பூகம்பத்துக்குப் பின் அந்த ஆட்சியின் முகத்துக்கு நேரே எழுந்த முதல் குரல்களில் ஒன்று அது.

பழைய தெருக்கள் போனபடியால் மனாகுவாக்காரர் முகவரி சொல்லும் விதமே தனி. தெருப் பெயரும் கதவிலக்கமும் எங்கே? "சின்ன மரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு தெரு" என்பார்கள். மரம் இன்று இல்லை. இருந்த இடம் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரன்தான் திண்டாடுவான்.

இப்போது அந்தக் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். மனாகுவாவின் தெருக்களில் தார் போடாமல் சிமெண்டுக் கல் பதித்தார்கள். ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கிற கல். அதைச் செய்து விற்றது சொமோசாவின் தொழிற்சாலை. வாங்கியது சொமோசாவின் சர்க்கார். ஒரு கை கொடுக்க மறு கை வாங்கிற்று. பணம் மட்டும் மக்களுடையது. சாந்து பூசாத அந்தக் கல்லைக் கடப்பாரை நுனியால் நெம்பினால் பெயர்ந்து வரும். பத்துப் பேர் சேர்ந்தால் சிறிது நேரத்தில் மார்பளவு சுவர் எழும்பும். தான் விற்ற கல் எதற்கெல்லாம் உதவும் என்பதைச் சொமோசா கணக்கில் எழுதவில்லை!

1978 ஜனவரி 10. லா பிரென்சா பத்திரிகையின் ஆசிரியர் பெத்ரோ ஹோவகின் சமோரோ, இடிபாடுகள் வழியே காரோட்டி அலுவலகம் போகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சொமோசாவின் ஊழலை எழுதியவர். ஏழைகளின் இரத்தத்தை விலைக்கு வாங்கி அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்த கம்பெனியை அம்பலப்படுத்தியவர். அவருடைய சவ ஊர்வலத்தில் ஆயிரமாயிரம் பேர் திரண்டார்கள். இரத்தக் கம்பெனியை மக்கள் கொளுத்தினார்கள். பொது வேலை நிறுத்தம் வந்தது; முதலாளிகளே கடையை மூடினார்கள். தங்கள் இலாபத்திலும் சொமோசா கை வைத்த பிறகுதான் அவர்களுக்கு ஜனநாயகம் நினைவு வந்தது என்பதையும் குறித்துக் கொள்வோம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 22இல் காவற்படை உடுப்பணிந்த இருபத்தைந்து சாந்தினிஸ்டுப் போராளிகள் தேசிய மாளிகைக்குள் நுழைந்து, கூடியிருந்த காங்கிரஸோடு ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தார்கள். கைதித் தோழர்களை விடுவித்துக் கொண்டு விமான நிலையம் போனபோது, வழி நெடுக மக்கள் நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தப் படையில் ஒரு தளபதி தோரா மரியா தெய்யஸ் என்ற பெண்; வயது 22. இன்னொருவர் ஊகோ டோரெஸ். இந்தப் பெயர்களை மறக்க வேண்டாம்.

1979 ஜூனில் மனாகுவாவின் கிழக்குப் பேட்டைகள் எழுந்தன. தெருத்தெருவாய்ச் சிமெண்டுக் கல்லால் தடுப்புச் சுவர்கள்! ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். சொமோசாவின் விமானங்கள் சொந்தத் தலைநகரின் மீதே குண்டு போட்டன. ஜூன் 27 இரவு, ஆயிரக்கணக்கானோர் மசாயா நகரை நோக்கி ஓசையின்றி நடந்தே பின்வாங்கினார்கள். தோற்றவர்களின் ஓட்டம் என்று காவற்படை நினைத்திருக்கும். ஜூலை 17இல் ஓடியது சொமோசா! ஜூலை 19இல் சாந்தினிஸ்டுகள் மனாகுவாவுக்குள் நுழைந்தார்கள். இடையில் ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர், நான் பதவிக்காலம் முடியும்வரை இருப்பேன் என்றார். இரண்டு நாள்கூட இருக்கவில்லை.

1980இல் இளைஞர்கள் கிராமம் கிராமமாய்ப் போய் எழுத்தறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதோர் பாதிப் பேராய் இருந்த நாட்டில் அது பெரிய காரியம். அமெரிக்கா சும்மா இருக்குமா? கூலிப்படைக்குப் பணமும் துப்பாக்கியும் கொடுத்தது. 1986 ஜூன் 27இல் உலக நீதிமன்றம் அமெரிக்காவைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. அமெரிக்கா அதை மதிக்கவில்லை. போரில் களைத்த மக்கள் 1990 தேர்தலில், கொல்லப்பட்ட ஆசிரியரின் மனைவி வியோலெத்தா சமோரோவுக்கு வாக்களித்தார்கள்.

இங்கேதான் பின் பாதி தொடங்குகிறது.

அந்நாட்டுக் குழந்தைகள் பிறந்த நாளில் பொம்மை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுத் தடியால் அடித்து உடைத்து, கொட்டுகிற மிட்டாயை அள்ளுவார்கள். அதற்குப் பின்யாத்தா என்று பெயர். 1990இல் தோற்ற ஆட்சி, பதவியை விட்டு இறங்குமுன் செய்த காரியத்துக்கும் மக்கள் அதே பெயரை வைத்தார்கள். ஏழைகள் குடியிருந்த மனைகளுக்கும் பட்டா கிடைத்தது; அதை மறைக்கக் கூடாது. ஆனால் தலைவர்கள் சிலர் மாளிகைகளையும் தோட்டங்களையும் தம் பேரில் எழுதிக் கொண்டார்கள். தானியேல் ஒர்த்தேகா குடியேறிய வீடே ஒரு பணக்காரரிடமிருந்து பறித்தது. 2007இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது அந்த வீட்டுக்காரரையே துணை ஜனாதிபதியாக்கிக் கொண்டார். வர்க்கப் போராட்டம் எவ்வளவு அழகாய்ச் சமரசமாயிற்று பாருங்கள்!

2018 ஏப்ரலில் ஒர்த்தேகா சர்க்கார், தொழிலாளியின் காப்பீட்டுச் சந்தாவை 6.25 விழுக்காட்டிலிருந்து 7 ஆக்கி, ஓய்வூதியத்தில் 5 விழுக்காடு பிடிக்க உத்தரவிட்டது. கிழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களை அடித்தார்கள். மாணவர்கள் வந்தார்கள். அவர்களைச் சுட்டார்கள். சில நாளில் உத்தரவு வாபஸ். ஆனால் துப்பாக்கி ஓயவில்லை. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மக்கள் மறுபடியும் தெருக்கல்லைப் பெயர்த்துச் சுவர் எழுப்பினார்கள். இம்முறை சுவருக்கு மறுபக்கம் நின்றது, 1979இல் கல் தூக்கியவர்களின் ஆட்சி.

1979 ஜூனில் சொமோசாவின் படை லா பிரென்சா கட்டிடத்தைத் தாக்கி எரித்தது. 2021 ஆகஸ்டில் ஒர்த்தேகாவின் போலீஸ் அதே பத்திரிகையின் கட்டிடத்தைக் கைப்பற்றியது. 2025இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கணவரும் மனைவியும் இணை ஜனாதிபதிகள் ஆனார்கள். குடும்ப ஆட்சியை ஒழிக்கத்தானே அத்தனை பேர் இறந்தார்கள்?

இதையெல்லாம் எழுதினால் ஏகாதிபத்தியத்துக்கு இலாபம் அல்லவா என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்கட்டும். ஏகாதிபத்தியம் நிகரகுவாவுக்குச் செய்த கொடுமையை மேலே எழுதியிருக்கிறோம்; அதில் ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஊகோ டோரெஸ் எந்த ஏகாதிபத்தியத்தின் ஆள்? 1974 டிசம்பரில் மனாகுவாவில் சொமோசா கூட்டத்தாரின் விருந்து வீட்டை முற்றுகையிட்டு, கைதிகளை மீட்ட படையில் அவர் இருந்தார். அப்படி மீட்கப்பட்ட கைதிகளில் ஒருவர் தானியேல் ஒர்த்தேகா. அந்த ஒர்த்தேகாவின் சர்க்கார் 2021 ஜூனில் டோரெஸைச் சிறையில் தள்ளியது. 2022 பிப்ரவரி 12இல் அவர் கைதியாகவே இறந்தார், வயது 73.

தோரா மரியா தெய்யஸும் அதே ஜூனில் சிறை புகுந்தார். 2023 பிப்ரவரி 9இல் 222 கைதிகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பி, குடியுரிமையைப் பறித்தபோது அவரும் அதில் ஒருவர். அவர் 22 வயதில் துப்பாக்கியோடு நுழைந்து கைப்பற்றிய தேசிய மாளிகை, மனாகுவாவில் இன்று அருங்காட்சியகம்.