தோழியரும் மார்கழிக் கச்சேரியும்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னை மாநகரம் இசை விழாக் கோலம் பூணுகிறது. இதில் நம் திருவல்லிக்கேணிக்குத் தனிப் பெருமை உண்டு. 1900ஆம் ஆண்டில் இங்கே தோன்றிய ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா, இந்நகரில் இன்றும் நடைபெற்று வரும் சபாக்களுள் மிகப் பழமையானது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக, மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. இன்றோ, டிசம்பர் மாதத்தில் எந்தச் சபாவிற்குச் செல்வது என்று திகைக்கும் அளவிற்குக் கச்சேரிகள் பெருகிவிட்டன.

இவ்விழாவைப் பற்றி எழுதுவோர் பாடுகிறவர்களைப் பற்றியே எழுதுவது வழக்கம். நான் கேட்கிறவர்களைப் பற்றி, அதிலும் பள்ளித் தோழியருடன் சேர்ந்து அமர்ந்து கேட்கும் பெண்களைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு பெண்ணும் ஆண்டில் ஒரு நாளையாவது தன் இளமைக்காலத் தோழியருக்கென்று ஒதுக்க வேண்டும்; அதற்கு மார்கழிக் கச்சேரியைப் போல் ஏற்ற இடம் வேறில்லை என்பதே என் கருத்து.

ஆண்களின் பள்ளி நட்பு பெரும்பாலும் முதுமையிலும் தொடர்கிறது. தெருமுனை உண்டு, டீக்கடை உண்டு, மெரினாக் கடற்கரை உண்டு. பெண்களின் நிலை என்ன? திருமணமானதும் ஊர் மாறுகிறது. கிடைக்கும் விடுமுறை, பிறந்த வீட்டுக்குப் பாதி, புகுந்த வீட்டுக்குப் பாதி என்று பங்கிடப்படுகிறது. தோழிக்கென்று ஒரு நாள் எந்த நாட்காட்டியிலும் இல்லை. சண்டையிட்டு முறிந்த நட்பைக் காட்டிலும், சந்திக்க நேரமின்றிக் கரைந்துபோன நட்பே பெண்கள் வாழ்வில் அதிகம். கைப்பேசியில் குழு இருக்கிறதே என்பீர்கள். அதில் பிறந்தநாள் வாழ்த்து வரும். மனத்தின் பாரம் வராது.

சரி, சந்திப்பதற்குக் கச்சேரிதான் வேண்டுமா? ஒருத்தி வீட்டில் கூடினால் அவள் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். கல்யாண மண்டபத்தில் சந்தித்தால் நின்று நலம் விசாரிக்கத்தான் நேரமிருக்கும். மேலும், நெடுநாள் கழித்துச் சந்திப்போரின் பேச்சு எங்கே போகும்? பிள்ளையின் மதிப்பெண், கணவரின் சம்பளம், வீட்டின் விலை. ஒப்பிடும் எண்ணம் உள்ளே வந்தால் அன்பு வெளியே போய்விடும் அன்றோ!

சபாவில் இந்தத் தொல்லைகள் இல்லை. யாரும் யாருக்கும் விருந்தாளி அல்ல. ஆலாபனை தொடங்கியதும், "கல்யாணியா, சங்கராபரணமா?" என்று ஒருத்தி காதோடு கேட்கிறாள். மத்தியமம் ஒன்றுதானே இரண்டுக்கும் வேற்றுமை! சரியாகச் சொல்லிவிட்டவள், வகுப்பில் கணக்கை முதலில் முடித்தவள் போல நிமிர்ந்து உட்காருகிறாள். செல்வத்தில் இருப்பவளும் சிரமத்தில் இருப்பவளும் ஒரே தாளத்தைத் தொடையில் தட்டுகிறார்கள். இடைவேளையில் கேன்டீன் காப்பியையும் வடையையும் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஐந்தாம் வகுப்பில் டிபன் டப்பாவைப் பங்கிட்ட கைகள்தாம் அவை என்பது தானே நினைவுக்கு வருகிறது.

எங்களில் நால்வர் இவ்வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டு வருகிறோம். பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பள்ளிவாசலும் அருகருகே இருக்கும் பேட்டை அல்லவா இது? எங்கள் நால்வரிலும் மூன்று சமயத்தாரும் உண்டு. நால்வருள் ஒருத்தி கணவரை இழந்த ஆண்டில், "அவள் எப்படிக் கச்சேரிக்கு வரலாம்?" என்று உறவினர் சிலர் கேட்டனர். நாங்கள் அவளை அழைத்துச் சென்றோம். அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர்; பேசாமல் பக்கத்தில் உட்கார வந்தவர்கள் மிகச் சிலர். அன்று அவள் அழுதாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. பாட்டைக் கேட்டு அழுவது அங்கே வழக்கந்தானே! துக்கத்தில் இருக்கும் பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைப்பது மரியாதை அன்று, அது கொடுமை.

நம் வேதாகமத்திலும் இதற்கு அழகான சான்று உண்டு. தேவதூதரின் செய்தியைக் கேட்ட மரியன்னை, மலைநாட்டிலிருந்த எலிசபெத்தம்மாளைத் தேடி விரைந்து சென்றார். ஏறத்தாழ மூன்று மாதம் உடன் தங்கினார். அந்தச் சந்திப்பிலேதான் அன்னையின் புகழ்ப்பாடல் பிறந்தது என்று புனித லூக்கா எழுதுகிறார். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் தேடிச் சென்றதில் பிறந்த பாடலை, திருச்சபை இன்றளவும் மாலைச் செபத்தில் பாடிவருகிறது.

சபாவில் பாடப்படுவது பிற சமயப் பாடல்களாயிற்றே என்று தயங்கும் கத்தோலிக்கப் பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. பெண்கல்விக்காகக் குரல் கொடுத்தவரும் அவரே.

பெண்களுக்கு அந்த மேடை எளிதில் கிடைத்ததில்லை. நல்ல குடும்பத்துப் பெண் சபையில் பாடுவதா என்று கேட்ட காலத்தில் பாடத் துணிந்தவர் டி. கே. பட்டம்மாள். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1968இல்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம். எஸ். சுப்புலட்சுமிக்கு, வழங்கப்பட்டது. மேடையில் அவர்கள் பெற்ற இடத்தை, கீழே நாற்காலியில் நாமும் பெற வேண்டாமா?

பட்டுப்புடவையைக் காட்டவும் கேன்டீனில் சாப்பிடவும் பெண்கள் போகிறார்கள் என்று கேலி செய்வோர் உண்டு. ஆண்டு முழுவதும் பிறருக்குச் சமைத்துப் போட்டவள் ஒரு நாள் பிறர் சமைத்ததை உண்டால் என்ன குறைந்துவிடும்? பாட்டை வீட்டிலிருந்தே கேட்கலாமே என்பர் சிலர். வீட்டில் கேட்பவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறாள். நடுவில் மூன்று முறை கூப்பிடப்படுகிறாள். செலவும் பெரிதன்று. இளங்கலைஞர் பாடும் பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமில்லை. திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் திருமயிலை.

அன்பு மாணவிகளே! பள்ளியை விட்டுப் போகுமுன் உங்கள் தோழியருடன் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒருத்தி வர இயலாத ஆண்டில் மற்றவர்கள் போங்கள். மறு ஆண்டு அவளுக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள். பெற்றோர்களே! உங்கள் மகளுக்கு வரன் பார்க்கும்போது, அவள் தோழியரைக் காண ஆண்டுக்கு ஒரு நாள் விடுவார்களா என்றும் கேளுங்கள். நகையைப் பற்றிக் கேட்பதைவிட அது பயனுள்ள கேள்வி.