‘சரி’ என்பது சம்மதம் ஆகுமா? தங்கவயலிலிருந்து ஒரு கேள்வி

சில மாதங்களுக்கு முன் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் குழுக்கடன் தரும் நிறுவனம் ஒன்றின் முகவர் வந்தார். அம்மாவின் கைப்பேசியை வாங்கிச் செயலியைப் பதிவிறக்கினார். ஒன்றன்பின் ஒன்றாகத் திரைகள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ‘சரி’ என்றொரு பொத்தான். “சரியாம்மா?” என்று அவர் கேட்க, அம்மா “சரி” என்றார், அவரே அழுத்தினார். அந்த வாரம் முடிவதற்குள் காப்பீடு, நகைக்கடன், தனிநபர்க்கடன் என்று கன்னடத்திலும் இந்தியிலும் அழைப்புகள் வரத் தொடங்கின.

“இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டியாம்மா?” என்று கேட்டேன். “அவர் சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்னுதாம்மா சரின்னேன்” என்றார்.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் அந்த விடையை எளிதில் கடந்துபோக முடியவில்லை. பேச்சுத்தமிழில் ‘சரி’ என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘உடன்படுகிறேன்’ என்பது ஒன்று. ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பது மற்றொன்று. நேர்ப்பேச்சில் குரலின் ஏற்ற இறக்கமும் சூழலும் இரண்டையும் பிரித்துக் காட்டும். பொத்தானில் அச்சாகிய ‘சரி’க்குக் குரல் இல்லை. அம்மா சொன்னது இரண்டாவது ‘சரி’. நிறுவனத்தின் கணினியில் பதிவானது முதல் ‘சரி’.

இந்த வேறுபாடு இனிச் சட்டத்தின் சிக்கலாகவும் மாறப்போகிறது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஆறு ஆண்டுகள் கழித்து, 2023-இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நுகர்வோருக்கு நேரடியாகப் பயன்படும் பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருப்பதால், அவை 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும்.

அச்சட்டப்படி, எந்தத் தரவு எந்த நோக்கத்துக்கு எடுக்கப்படுகிறது என்று தெளிவான, எளிய மொழியில் அறிவித்த பிறகே ஒப்புதல் கேட்கவேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்கவேண்டும். தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரலாம். அறிவிப்பையும் ஒப்புதல் வேண்டுகோளையும் ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பும் தரப்படவேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் புழங்கும் எங்கள் ஊருக்கு இது பெரிய உரிமை. மாநிலத்தின் ஆட்சிமொழி எதுவாயினும், அம்மா தமிழில் கேட்டுப் பெறலாம்.

தன்னைப் பற்றிய விவரத்தை யாரிடம், எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி தங்கவயலுக்குப் புதிதன்று. 1930-இல் இங்குள்ள சுரங்கத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். நிர்வாகம் தொழிலாளர்களைப் பதிவுசெய்யவும் கைரேகை எடுக்கவும் முற்பட்டதே அதற்கு உடனடிக் காரணம். வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் இதை ஆராய்ந்து எழுதியுள்ளார். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் பிழைக்கவந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரான அம்மக்களின் கையில் எந்தச் சட்டமும் இல்லை. ஆயினும் கைரேகை ஏட்டில் ஏறிவிட்டால் ஒரு சுரங்கத்தில் வேலை இழந்தவனுக்கு அடுத்த சுரங்கமும் மூடிக்கொள்ளக்கூடும் என்பதை உணர எழுத்தறிவு தேவைப்படவில்லை. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்குப் போய்வருகிறார்கள். ஒரு நாளில் பத்து இடங்களில் பெயரும் எண்ணும் விரலும் கொடுக்கிறார்கள். தாத்தாவுக்கு ஏடு கண்ணுக்குத் தெரிந்தது. பேரனுக்குத் தெரிவதில்லை. இன்று அந்த ஏட்டைக் கண்முன் காட்டவேண்டியது ஒப்புதல் அறிவிப்பின் வேலை.

இப்போது வரும் தமிழ் அறிவிப்புகள் அதைக் காட்டுகின்றனவா? ‘தங்களது தனிநபர் தரவு குறிப்பிடப்பட்ட நோக்கங்களுக்காகச் செயலாக்கம் செய்யப்படலாம்’ என்ற பாணியில் பல வாக்கியங்களைப் படித்திருக்கிறேன். இலக்கணப்பிழை இல்லை. ஆனால் செய்பவர் யார் என்பது செயப்பாட்டு வினைக்குள் மறைந்துவிட்டது. ‘செயலாக்கம்’ என்றால் என்ன என்று கேட்டால் முனைவர் பட்ட மாணவர்களே விழிப்பார்கள். வேறு சில அறிவிப்புகள் ‘நாம் உங்கள் விவரங்களைச் சேகரிக்கிறோம்’ என்கின்றன. கேட்பவரை உள்ளடக்கிய ‘நாம்’ வேறு, விலக்கிய ‘நாங்கள்’ வேறு என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எடுப்பவர்களின் கூட்டத்தில் கொடுப்பவரையும் சேர்த்துவிடும் அந்த ‘நாம்’ மொழிபெயர்ப்புப் பிழைதான். ஆயினும் பொறுப்பு யாருடையது என்பதை அது மங்கலாக்குகிறது.

‘உங்கள் பெயரையும் போன் நம்பரையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கடன் பற்றி உங்களிடம் பேச மட்டும் பயன்படுத்துவோம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அழித்துவிடுவோம்.’ இப்படி எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. சொல்லப்போனால் ‘எளிய மொழி’ என்று அது கேட்பது இதைத்தான். பொத்தானிலும் ‘சரி’க்குப் பதில் ‘கொடுக்கிறேன்’, ‘கொடுக்கமாட்டேன்’ என்று இரண்டு சொற்கள் போதும்.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. என் தம்பி வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறான். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்ததால் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. இங்கே அவனைப்போல் பலர் உண்டு. அவர்களுக்குத் தமிழ் என்பது காதின் மொழி. எட்டாவது அட்டவணையில் மொழியின் பெயர் இருக்கிறது. அது கண்ணுக்கா காதுக்கா என்ற குறிப்பு இல்லை. குரல்வழி அறிவிப்பு இல்லாவிடில் தம்பிக்கு இந்த உரிமை பாதியளவே கிட்டும்.

யாரும் படிக்காத அறிவிப்பை எம்மொழியில் போட்டால் என்ன என்று கேட்கலாம். விளம்பரத்தை மட்டும் எல்லாரும் படிக்கிறார்களே! கலிஃபோர்னியா மாநிலம் 2018-இல் இயற்றிய நுகர்வோர் தனியுரிமைச் சட்டத்தின் விதிகள், ஒரு நிறுவனம் வழக்கமாக ஒப்பந்தமும் விற்பனை அறிவிப்பும் தரும் மொழிகளிலேயே தனியுரிமை அறிவிப்பையும் தரவேண்டும் என்கின்றன. விற்கும் மொழியே ஒப்புதலின் மொழி. நம் சட்டமோ நுகர்வோர் தேடித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாக மட்டும் அதை வைத்திருக்கிறது. தமிழில் கடனை விற்கவந்த முகவருக்கு ஒப்புதலையும் தமிழிலேயே கேட்கும் கடமை இருக்கவேண்டும்.

மாநில அரசுக்கும் இதில் இடமுண்டு. செயலித் தளங்கள் வழியாக வேலை செய்யும் தொழிலாளர்களுக்காகக் கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டம், ஒப்பந்தம் எளிய மொழியில், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ தொழிலாளி அறிந்த எட்டாவது அட்டவணை மொழியிலோ கிடைக்கவேண்டும் என்ற கொள்கையை ஏற்றிருக்கிறது. தொழிலாளிக்குப் பொருந்துவது நுகர்வோருக்கும் பொருந்தும். முதலில் மாநில அரசு தன் சேவைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் அதைச் செய்துகாட்டலாம்.

மத்தியச் சட்டத்தின் குறை ஒன்றையும் சொல்லவேண்டும். மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. அம்மா புகார் செய்து வென்றாலும் அவர் கைக்கு ஒன்றும் வராது. அப்படியிருக்க, ஒப்புதல் கேட்கப்படும் அந்த முதல் நிமிடம்தான் அவருக்குள்ள முதன்மையான காப்பு. அது அவருக்குப் புரியாத மொழியில் கழிந்துவிட்டால் பின்னால் மீட்பது கடினம்.

2027 மே மாதத்துக்குள் ஆயிரக்கணக்கான தமிழ் அறிவிப்புகள் எழுதப்படும். பெரும்பாலானவற்றை இயந்திரம் மொழிபெயர்க்கும். தமிழ், மொழியியல், சட்டத் துறைகளில் இருக்கும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இது. பத்து அறிவிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இருபது பேரிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். விடைகளைத் தொகுத்து வெளியிடுவோம். ஆண்டர்சன்பேட்டையில் நான் தொடங்கிவிட்டேன். முதல் ஆள் அம்மா. அறிவிப்பைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, இப்ப என்ன சொல்ல வராங்க?” என்றார்.